சாம்பல் கல் வேறு, சாம்பல் பீங்கான் வேறு

‘அனல்மின் நிலையச் சாம்பலைச் சூளையில் சுட்டால் போதும், தேயாத தொழிற்சாலைப் பீங்கான் கிடைத்துவிடும், நாம் வீடு கட்டும் சாம்பல் கல்லே அதற்குச் சாட்சி’ என்று சொல்லப்படுவது இரண்டு இடங்களில் தவறு.

முதலாவது, அந்தச் சாம்பல் கல் சூளையைப் பார்த்ததே இல்லை. சிமெண்ட் அல்லது சுண்ணாம்புடன் கிரஷர் தூளும் சேர்த்து அழுத்தி, நாள்கணக்கில் தண்ணீர் ஊற்றி இறுகவைப்பது அது. உடைத்துப் பார்த்தால் மணலும் துகள்களும் ஒட்டி நிற்பது கண்ணுக்கே தெரியும்.

இரண்டாவதுதான் முக்கியமானது. அதிக வெப்பத்தைத் தாங்கும் பீங்கான்களுக்கு வலிமை தரும் முல்லைட் என்னும் படிகத்தில், எடைக்கணக்கில் ஏறத்தாழ 72 விழுக்காடு அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) இருக்க வேண்டும். நம் நிலக்கரிச் சாம்பலில் பெரும்பாலும் 20 முதல் 30 விழுக்காடுதான் இருக்கிறது என்பதால், அலுமினா மிகுந்த பாக்சைட் தாது போன்ற ஒன்றைச் சேர்த்து, 1,400 டிகிரி செல்சியஸுக்கும் மேலே சுட வேண்டியிருக்கிறது. சாம்பலிலுள்ள இரும்பும் கால்சியமும் குறைந்த சூட்டிலேயே உருகிக் கண்ணாடியாகிவிடுவதால், அதே பொருள் உலைக்குள் மீண்டும் சூடேறும்போது இளகிவிடக்கூடும். எரியாமல் எஞ்சிய கரி மிகுந்திருந்தால் உள்ளே கறுத்து, சில வேளை உப்பியும் போகும். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியின் சாம்பலில் கால்சியம் கூடுதல். மேட்டூர் அனல்மின் நிலையத்தில் எரிப்பதோ கறுப்பு நிலக்கரி. ஆகவே இரண்டுக்கும் ஒரே கலவைக் கணக்கு செல்லாது.

தரை ஓடு செய்வதற்கு இவ்வளவு கெடுபிடி இல்லை. சாம்பலைக் களிமண்ணோடு கலந்து 1,200 டிகிரியை ஒட்டிச் சுட்டாலே நல்ல ஓடு கிடைக்கும்.