கொல்லைப்புறத்தில் கல் பதிக்காதீர்கள்

எங்கள் ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரைப் பக்கம் புதுசாக வீடு கட்டுகிறவர்கள் கடைசியாகச் செய்கிற வேலை ஒன்று இருக்கிறது. முன்வாசல் தொடங்கி பின்கொல்லை வரை ஒரு சாண் மண் தெரியாமல் பேவர் பிளாக் கல்லைப் பதித்துவிடுவது. மண்டபம், உச்சிப்புளி, பெரியபட்டினம், கீழக்கரை என்று எங்கே போனாலும் இதைத்தான் பார்க்கிறேன். வீட்டுக்குள் மணல் வராது, கூட்டிப் பெருக்க எளிது, பூச்சி பொட்டு வந்தால் கண்ணுக்குத் தெரியும் என்கிறார்கள். சரி, அதெல்லாம் நியாயம்தான். ஆனால் இந்த மண்ணில் அது செய்யக்கூடாத காரியம். காசைக் கொடுத்துக் குடிதண்ணீரைத் தொலைக்கிறோம்.

நம் மணலுக்கு அடியில் கிடைக்கிற நல்ல தண்ணீர் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் நம் தலைமேல் பெய்கிற மழைதான். அது மணலில் இறங்கி, உப்புத்தண்ணீரைவிட எடை குறைவு என்பதால் அதன் மேலேயே மிதந்து நிற்கிறது. தங்கச்சிமடத்தில் என் சித்தி வீட்டுக் கொல்லையில் ஒரு உறைக்கிணறு உண்டு. அலைச் சத்தம் கேட்கிற தூரத்தில்தான் கடல், ஆனால் அந்தத் தண்ணீரில் பருப்பு நன்றாக வேகும். அதே தெருவில் ஆழமாக போர் போட்டு மோட்டாரில் உறிஞ்சிய வீடுகளில் இன்று வாய் கொப்பளிக்கக்கூட முடியவில்லை. மேலே நிற்கும் நல்ல தண்ணீரை வேகமாக இழுத்தால் அடியில் இருக்கும் உப்பு ஏறி வரத்தான் செய்யும். கல் பதிக்கலாமா என்று பேச்சு வந்தபோது சித்தி கேட்டது இதைத்தான்: "கொல்லையை மூடிட்டா கெணறு என்னத்தக் குடிக்கும்?"

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 சென்ட் என்பது சுமார் 40 சதுர மீட்டர். 100 மி.மீ. மழை பெய்தால் அந்த ஒரு சென்ட்டில் மட்டும் 4,000 லிட்டர் தண்ணீர் விழுகிறது. ஒரு பருவமழையில் அதைப்போலப் பல மடங்கு பெய்யும் ஊர் இது. கல் பதித்த கொல்லையில் அதில் பெரும்பகுதி தெருவுக்கு ஓடி, அங்கிருந்து கடலுக்குப் போய்விடும். 2003-லேயே தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிவிட்டார்கள், மாடியிலிருந்து குழாய் இறக்கிக் குழியில் விடுகிறோம், நல்லது. ஆனால் கடற்கரை மணலைவிடப் பெரிய சேகரிப்புக் குழி வேறு என்ன இருக்கிறது?

அப்போ கொல்லையை அப்படியே போட்டுவிடச் சொல்கிறாயா என்று கேட்காதீர்கள். கல்லுக்குச் செலவு செய்வதில் கால்வாசியை மண்ணுக்குச் செலவு செய்யுங்கள் என்கிறேன். நம் மணலுக்குத் தண்ணீரைப் பிடித்துவைக்கிற குணம் கிடையாது, ஊற்றினால் இறங்கிவிடும், வெயில் காலத்தில் மேலே உப்பு பூக்கும். இரண்டுக்கும் மருந்து மூடாக்குதான். வேப்பஞ்சருகு, தென்னை ஓலை, பனை ஓலை, வாழைச் சருகு என்று எதையும் எரிக்காமல் செடியைச் சுற்றி நாலு விரல் கனத்துக்குப் பரப்பிவிட்டால் போதும். ஈரம் ஆவியாகி மேலே வரும்போதுதான் உப்பையும் கூட்டிக்கொண்டு வருகிறது, அந்த ஆவியைத் தடுத்தால் உப்பும் அடங்கும். சித்தியின் மல்லிகைப் பாத்தியில் சித்திரை மாதத்தில் சருகை விலக்கிப் பார்த்தேன், மேலே வெயில் காய்கிறது, கீழே மணல் கையில் பிடித்தால் பிடித்தபடி நிற்கிறது, இரண்டு மண்புழு வேறு. அந்த மல்லிகையும் அவர்கள் ஊர்ப் பதியன்தான், வெளியூர்களுக்கெல்லாம் நாற்று அனுப்புகிற ஊரில் இருந்துகொண்டு தூரத்து நர்சரியில் விலை கொடுத்து வாங்குவானேன்.

தென்னை இருந்தால் தேங்காய் உரித்த மட்டையை வீணாக்காதீர்கள். மரத்தைச் சுற்றிக் குழி வெட்டி, குழிந்த பக்கம் மேலே பார்க்கிற மாதிரி அடுக்கி மூடினால் சில வருடங்களுக்கு அதுவே தண்ணீர்த் தொட்டி. அனுமதி பெற்று அள்ளிய கண்மாய்க் கரம்பை, அதாவது வண்டல் மண், கிடைத்தால் மணலோடு கலக்கலாம். நம் மாவட்டத்தில் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுகிற இடங்களில் கரித்தூள் மிஞ்சும், அதைச் சாணிக் கரைசலில் ஊறவைத்து மண்ணில் சேர்த்தால் ஈரமும் சத்தும் சீக்கிரம் இறங்காது. ஊறவைக்காமல் போட்டால் இருக்கிற சத்தையும் அதுவே இழுத்துக்கொள்ளும், அதை மறந்துவிடாதீர்கள். மீன் கழிவுக்கு நம் ஊரில் பஞ்சமே இல்லை. எடைக்கு எடை நாட்டுச்சர்க்கரை சேர்த்து மூடிவைத்து, தேன் பதத்தில் தெளிந்ததும் லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. கலந்து தெளியுங்கள், முருங்கையும் கத்தரியும் எப்படித் தழைக்கிறது என்று பாருங்கள்.

குளிக்கிற தண்ணீரை வாழைக்கு விடலாம். துணி துவைத்த சோப்புத் தண்ணீர் வேண்டாம், ஏற்கெனவே உப்பு நிலம்.

வேலிக்கு ஓலைப் படல் போதும். உப்புக்காற்றுக்குத் தாங்குகிற பூவரசு, புங்கை, கொடுக்காப்புளியைக் கடல் பக்கம் பார்த்து வைத்தால் உள்ளே இருக்கிற செடி பிழைக்கும்.

இன்னொன்று, இதைக் கோபத்தோடுதான் சொல்கிறேன். கொல்லையில் பாத்தி கட்ட, அழகுக்கு அடுக்க என்று பவளப்பாறைக் கல்லை எடுத்துவருவதை விட்டுவிடுங்கள். மன்னார் வளைகுடாத் தீவுகளும் அவற்றைச் சுற்றியுள்ள கடலும் 1986-லேயே தேசியப் பூங்கா ஆனவை, பவளப்பாறையை எடுப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். அந்தப் பாறைகள்தான் நம் தீவுகளையும் கரையையும் அலையிலிருந்து காக்கின்றன. கரையில் படர்ந்திருக்கும் அடம்புக் கொடியையும் பிடுங்காதீர்கள், மணலைப் பிடித்து நிறுத்துவது அதுதான்.

ஏற்கெனவே கல் பதித்துவிட்டவர்கள் முழுவதையும் பெயர்க்க வேண்டியதில்லை. சுவரோரம் இரண்டு வரிசை, கொல்லையில் தண்ணீர் தேங்குகிற பள்ளத்தில் நாலு முழம், அவ்வளவைப் பெயர்த்து மண்ணைத் திறந்துவிடுங்கள். கிணறு இருந்தால் அதைச் சுற்றி இன்னும் கொஞ்சம் கூடுதலாக. வேலையைப் புரட்டாசிக்குள் முடித்துவிட்டால் இந்த வருஷ மழையே உள்ளே இறங்கிவிடும்.