ஓடுகிற பெண்ணின் தட்டில் சோற்றைக் குறைக்காதீர்கள்

இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே ஓடும் நெடுந்தூர ஓட்டமான காம்ரேட்ஸுக்குப் பயிற்சி உச்சத்தில் இருக்கும் மாதங்கள் இவை. டர்பனில் எங்கள் பக்கத்துப் பெண்கள் விடியற்காலை நாலரைக்கே எழுந்து, வெயில் ஏறுவதற்குள் ஓடி முடித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வேலைக்கும் போகிறார்கள். பார்க்கவே பெருமையாக இருக்கிறது. ஆனால் ஓட்டம் முடிந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிற்கும்போது காதில் விழுவது பெரும்பாலும் ஒரே பேச்சு. "நான் சோற்றையே விட்டுட்டேன்க்கா." "ராத்திரி ரொட்டிகூடக் கிடையாது." "இன்னும் மூணு கிலோ குறைஞ்சா மேடு ஏற லேசா இருக்கும்." கேட்டுக் கேட்டு மனசு தாங்காமல்தான் இதை எழுதுகிறேன். நீளமான பதிவு. உங்கள் வீட்டில் ஓடுகிற மகளோ மருமகளோ இருந்து, அவளுக்குத் தமிழ் படிக்க வராவிட்டால், பக்கத்தில் உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள்.

நெடுந்தூரம் ஓடும் பெண்ணுக்குப் பெரிய ஆபத்து அதிகமாகச் சாப்பிடுவதால் வருவதில்லை. போதாமல் சாப்பிடுவதால் வருகிறது.

சோற்றின் மேல் நம் வீடுகளில் இருக்கும் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். டர்பனில் நம் மக்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் சர்க்கரை நோய் எட்டிப் பார்க்காத குடும்பம் அரிது. தாத்தாவுக்குக் கால் விரலை எடுத்தார்கள், ஆயா இன்சுலின் போட்டுக்கொள்கிறார், பெரியம்மாவுக்கு மாத்திரை. கிளினிக்கில் "சோற்றைக் குறையுங்கள்" என்று சொல்லி அனுப்புகிறார்கள். அம்மா வீட்டுக்கு வந்து எல்லோர் தட்டிலும் குறைக்கிறாள். அன்பினால்தான் செய்கிறாள். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் எழுபது வயது நீரிழிவுக்காரருக்கு எழுதிய விதியை வாரம் 70 கிலோமீட்டர் ஓடும் இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கும் போட்டால் அவள் உடம்பு என்ன ஆகும்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 55 கிலோ எடையுள்ள ஒரு பெண். அதில் ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பு என்று வைத்துக்கொண்டால் மீதி 44 கிலோ. இந்தக் கொழுப்பு நீங்கிய எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்குச் சுமார் 45 கலோரி, ஓட்டத்துக்குச் செலவானது போக, மிச்சம் இருக்க வேண்டும் என்பது விளையாட்டு உணவியலில் பல காலமாகச் சொல்லப்படும் அளவு. அதாவது 1,980 கலோரி. ஓடும்போது ஒரு கிலோமீட்டருக்கு, ஒரு கிலோ எடைக்கு, ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகும். அவள் ஞாயிற்றுக்கிழமை 20 கிலோமீட்டர் ஓடினால் 1,100 கலோரி போய்விடும். ஆக அன்றைக்கு அவளுக்கு 3,000 கலோரிக்குமேல் வேண்டும். அவளோ "நல்லாத்தான் சாப்பிட்டேன்" என்று நினைத்துக்கொண்டு 1,800 சாப்பிடுகிறாள். ஓட்டக் கணக்கைக் கழித்தால் மிச்சம் 700. கிலோவுக்குப் பதினாறு.

இந்த எண் 30-க்குக் கீழே இறங்கினால் என்ன நடக்கும் என்பதற்கு 2003-இல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் ஆன் லவுக்ஸ் என்பவரும் அவருடைய சக ஆய்வாளரும் செய்தது. ஆரோக்கியமான இளம்பெண்களுக்கு ஐந்தே நாட்கள் சக்தியைக் குறைத்தார்கள். அதற்குள்ளேயே, மாதவிடாயை நடத்தும் ஹார்மோன் மூளையிலிருந்து விட்டுவிட்டுச் சுரக்கும் அந்த ஒழுங்கு கலைந்துபோனது. ஐந்து நாள்! நம் பெண்கள் மாதக்கணக்காக இப்படி ஓடுகிறார்கள்.

உடம்பு கெட்டிக்காரத்தனமானது. வருமானம் போதவில்லை என்றால் எந்தச் செலவை நிறுத்தலாம் என்று பார்க்கும். இதயத்தை நிறுத்த முடியாது. கருப்பையை நிறுத்தலாம், எலும்பு கட்டுவதை நிறுத்தலாம், நோய் எதிர்ப்பைக் குறைக்கலாம், உடல் சூட்டைக் குறைக்கலாம். அதனால்தான் மாதவிடாய் தள்ளிப்போகிறது, பிறகு நின்றே போகிறது. ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பு தேய்கிறது. முழங்காலுக்குக் கீழே, பாதத்தில், சில பேருக்கு இடுப்பெலும்பில் மயிரிழை விரிசல் விடுகிறது. சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-இல் இதற்கு ரெட்-எஸ் (விளையாட்டில் வரும் சக்திப் பற்றாக்குறை) என்று பெயர் கொடுத்தது. 2023-இல் அறிக்கையைப் புதுப்பித்தது. ஆண்களுக்கும் இது வரும், ஆனால் பெண்களிடம் அறிகுறி கண்முன்னே தெரிகிறது. தெரிந்தும் நாம் பேசுவதில்லை.

"நிறைய ஓடினா அது நின்னுடும், சகஜம்தான்" என்று ஓடுகிற பெண்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். சகஜம் இல்லை, தங்கைகளே. சுழற்சி மூன்று மாதம் வராவிட்டால் மருத்துவரிடம் போங்கள். பதினைந்து வயதாகியும் பெண் பூப்படையவில்லை என்றால், "விளையாட்டுப் பிள்ளை, மெதுவா ஆகும்" என்று காத்திருக்காமல் காட்டுங்கள். கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மாத்திரையால் மாதாமாதம் வரும் இரத்தப்போக்கை வைத்து, சொந்தச் சுழற்சி ஒழுங்காக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. எடையைப் பார்த்தும் ஏமாறக் கூடாது. பார்க்க ஒல்லியாகவே இல்லாத பெண்ணுக்கும் இந்தப் பற்றாக்குறை இருக்கலாம்.

மேரி கெய்ன் என்ற அமெரிக்க ஓட்டக்காரி 2019-இல் வெளிப்படையாகப் பேசினார். பதினேழு வயதில் உலக அளவில் ஓடியவர். எடையைக் குறை, குறை என்ற நெருக்கடியில் மூன்று ஆண்டுகள் மாதவிடாய் இல்லாமல், ஐந்து எலும்புகள் முறிந்த கதை அது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். எனக்குத் தெரிந்த பள்ளிப் பெண் ஒருத்தி, நல்ல கால், நல்ல மூச்சு. பயிற்சியாளர் மற்றப் பிள்ளைகள் எதிரிலேயே எடை பார்த்து, எண்ணை உரக்கப் படிப்பாராம். மத்தியானச் சாப்பாட்டை அவள் தோழிக்குக் கொடுத்துவிடுவாள். பாதத்தில் விரிசல் விழுந்து அந்தப் பருவம் முழுக்க ஓடவில்லை. எலும்பின் பலத்தில் மிகப் பெரும் பகுதி இருபது வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. அந்த வயதில் தவறவிட்டதை நாற்பதில் மாத்திரை போட்டுச் சேர்த்துவிட முடியாது. பயிற்சியாளர்களே, பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி எடை பார்ப்பதைத் தயவுசெய்து விடுங்கள். "நல்லா இளைச்சிட்டியே" என்று கல்யாண வீட்டில் பாராட்டும் அத்தைமார்களே, நீங்களும்.

1923-இல் ஃபிரான்சஸ் ஹேவர்ட் என்ற பெண் காம்ரேட்ஸில் சேர விண்ணப்பித்தபோது மறுத்தார்கள். அவர் அப்படியே வந்து ஓடி முடித்தார். பெண்களை முறைப்படி சேர்த்துக்கொள்ள 1975 வரை ஆனது. அதே ஓட்டத்தில், டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரை மேடேறும் வழியை, 2024-இல் கெர்டா ஸ்டெய்ன் 5 மணி 49 நிமிடம் 46 வினாடியில் ஓடினார். இடத்துக்காகப் போராடிய பெண்கள் அதை வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் நம் பெண் அரைப் பட்டினியோடு வந்து நிற்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

சரி, என்ன சாப்பிடுவது? முதலில் மாவுச்சத்து. தினமும் ஒரு மணி நேரத்துக்குமேல் ஓடுபவர்களுக்குக் கிலோவுக்கு 6 முதல் 10 கிராம் வரை சொல்கிறார்கள். 55 கிலோ பெண்ணுக்குக் கிலோவுக்கு 7 கிராம் என்று வைத்தாலே 385 கிராம். ஒரு கப் சோற்றில் 45 கிராம்தான் இருக்கிறது. மூன்று கப் சோறு சாப்பிட்டாலும் பாதிகூட வரவில்லை, பாருங்கள். சோறு, ரொட்டி, மீலி (மக்காச்சோள) கஞ்சி, மடும்பி (சேப்பங்கிழங்கு), வாழைப்பழம், பிரெட்டில் ஜாம் எல்லாமே வேண்டும். மடும்பியை நம் ஆயாக்கள் உப்புப் போட்டு வேகவைத்துக் கொடுப்பார்களே, நீண்ட ஓட்டத்துக்கு முந்தின நாள் இரவுக்கு அதைவிடப் பொருத்தமான சாப்பாடு கடையில் கிடைக்காது.

இந்த நாட்டில் பாண்டிங் என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. மாவுச்சத்தைக் கிட்டத்தட்ட ஒழித்துவிட்டுக் கொழுப்பில் வாழும் முறை. அதற்கு முகமாக இருந்தவர் பேராசிரியர் டிம் நோக்ஸ். ஓட்டக்காரர்களுக்கு அவர் செய்த நன்மையை நான் மறக்கவில்லை. கீழே அதையும் சொல்கிறேன். நீரிழிவு உள்ளவர் மாவுச்சத்தைக் குறைப்பது அவரும் மருத்துவரும் பேசி முடிவு செய்ய வேண்டியது. ஆனால் மேடேறி ஓடும் பெண் அதைச் செய்தால், பசி தெரியாமலே கலோரிக் கணக்கு சரிந்துவிடும். நான் இதில் உறுதியாக எதிர்ப்பக்கம் நிற்கிறேன். வெறும் வயிற்றில் ஓடினால் கொழுப்பு கரையும் என்று நம்பி ஓடுபவர்களுக்கும் இதே பதில்தான். புறப்படும் முன் ஒரு வாழைப்பழமாவது தின்றுவிட்டுப் போங்கள்.

ஓட்டத்தின் நடுவிலும் சாப்பிட வேண்டும். ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டும் ஓட்டத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. இரண்டரை மணியைத் தாண்டினால், வயிற்றைப் பழக்கியவர்கள் 90 வரை போகலாம். வயிற்றைப் பழக்குவது என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டத்தில் தின்று பார்க்காத எதையும் காம்ரேட்ஸ் அன்று வாயில் வைக்காதீர்கள். வழியில் மேசைகளில் வைத்திருக்கும் உப்புத் தொட்ட உருளைக்கிழங்கு விலை உயர்ந்த ஜெல்லுக்குச் சளைத்தது இல்லை.

தண்ணீர் விஷயம்தான் நான் நோக்ஸுக்குக் கடன்பட்டது. அளவுக்குமேல் தண்ணீர் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து உயிருக்கே ஆபத்தாகும் என்பதை நீள் ஓட்டக்காரர்களிடம் கண்டு 1985-இல் எழுதியவர்கள் அவரும் சக மருத்துவர்களும்தான். பெண்களுக்கு இது அதிகம் வருகிறது. உடம்பு சிறியது, மெதுவாக ஓடுபவர் பன்னிரண்டு மணி நேரமும் ஒவ்வொரு மேசையிலும் நின்று குடிக்க நேரம் இருக்கிறது. தாகத்துக்குக் குடியுங்கள். ஓடி முடித்தபின் எடை கூடியிருந்தால், விரல் வீங்கி மோதிரம் இறுகினால், தலைவலியோடு குழப்பமும் இருந்தால், மேலும் தண்ணீர் கொடுக்காமல் உடனே மருத்துவக் கூடாரத்துக்குக் கூட்டிப்போங்கள்.

அடுத்தது இரும்புச்சத்து. மாதவிடாயில் போகிறது. வியர்வையிலும், தரையில் பாதம் மோதி இரத்த அணுக்கள் உடைவதிலும் இன்னும் கொஞ்சம் போகிறது. ஆணுக்கு நாளொன்றுக்கு 8 மில்லிகிராம் போதும், நமக்கு 18. சைவமாக இருந்தால் இன்னும் கூடுதல். இங்கே 2003 முதல் மீலி மாவிலும் ரொட்டி மாவிலும் இரும்புச்சத்துச் சேர்க்க வேண்டும் என்பது சட்டம். அதனால் பாண்டிங் என்று சொல்லி கஞ்சியையும் பிரெட்டையும் தள்ளுபவர்கள் அந்த இரும்பையும் சேர்த்தே தள்ளுகிறார்கள். நம் வீட்டுக் கீரையும், பருப்பும், சுகர் பீன்ஸ் குழம்பும் நல்லதுதான். மேலே எலுமிச்சை பிழியுங்கள், பக்கத்தில் தக்காளி வையுங்கள், உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு குடிக்கும் டீ அதைக் கெடுத்துவிடும். நம் வீடுகளில் அந்த டீயை நிறுத்துவது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும், ஒரு மணி நேரமாவது தள்ளிப் போடுங்கள். ரூய்போஸ் மூலிகை டீயில், இரும்பைச் சேரவிடாமல் தடுக்கும் டானின் குறைவு, அதற்கு மாறினாலும் சரி. மாத்திரையை மட்டும் உங்கள் இஷ்டத்துக்கு வாங்கிப் போடாதீர்கள். ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் (உடம்பில் இரும்பின் சேமிப்பைக் காட்டும் அளவு) பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே ஃபெரிட்டின் காலியாகியிருக்கலாம். கடினமான ஓட்டத்துக்குப் பின் மூன்று முதல் ஆறு மணி நேரத்தில் குடல் இரும்பை ஏற்பது குறைந்துவிடும், ஆகவே மருத்துவர் எழுதிக் கொடுத்தால் காலையில், ஓட்டத்துக்கு முன்போ முடிந்த உடனேயோ போடுவது நல்லது.

புரதத்துக்கு அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம். கிலோவுக்கு ஒன்றரை கிராம் அளவுக்கு, நாள் முழுதும் பிரித்து, ஓடி வந்ததும் ஒரு பங்கு. இரண்டு முட்டையும் ஒரு பெரிய டம்ளர் அமாசியும் (புளித்த பால்) போதும். முள்ளோடு தின்னும் டின் மீன் குழம்பு புரதத்தோடு கால்சியமும் கொடுக்கும்.

கடைசியாக விரதம். இதை எழுதினால் சிலருக்குக் கோபம் வரும் என்று தெரியும். நானும் காவடிக்கு விரதம் இருப்பவள், புரட்டாசியில் வீட்டில் கறி ஏறாது. சைவம் இருப்பதால் ஓட்டம் கெடாது. ஒருவேளை மட்டும் சாப்பிட்டுக்கொண்டு பயிற்சியையும் குறைக்காமல் ஓடுவதுதான் கெடுக்கும். ஈஸ்டர் வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழா அப்போதுதான். கேப் டவுனில் 56 கிலோமீட்டர் டூ ஓஷன்ஸ் ஓட்டமும் அதை ஒட்டியே வரும், காம்ரேட்ஸுக்கான நீண்ட ஓட்டங்களும் அந்த மாதத்தில்தான். விரதம் எடுத்தால் அந்தப் பத்து நாள் ஓட்டத்தைக் குறையுங்கள், நடையாகக்கூட மாற்றிக்கொள்ளுங்கள். பத்து நாளில் ஓட்டக்காலின் பலம் போய்விடாது. அம்மனுக்காக எடுக்கும் விரதத்தை எடை குறைக்கும் வழியாக்குவதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். விரதம் முடிந்து கோயிலில் சோறு போடுவார்களே, அதைக் கணக்குப் பார்க்காமல் வயிறு நிறையச் சாப்பிடுங்கள், மறுநாளிலிருந்து கிலோமீட்டரை மெதுவாக ஏற்றுங்கள்.

தொடர்ந்து களைப்பு, அடிக்கடி சளி, ஆறாத கால் வலி, தள்ளிப்போகும் மாதவிடாய், இதில் இரண்டு இருந்தாலே விளையாட்டு உணவியல் தெரிந்த டயட்டீஷியனிடம் போங்கள். வாரம் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறீர்கள், கடைசியாக எப்போது மாதவிடாய் வந்தது, இரண்டையும் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.