சொற்செயலி நம்மிடம் மறைப்பது என்ன?

நீளமான அறிக்கை ஒன்றில் ஒரு தலைப்புக்கு மேல் வேண்டாத இடைவெளி. அதை அழித்தால் தலைப்பே சாதாரணப் பத்தியாகிவிடுகிறது. அதைச் சரிசெய்தால், கீழே பட்டியலில் 4க்கு அடுத்து மறுபடியும் 1 வருகிறது. மைக்ரோசாஃப்டின் சொற்செயலியான வேர்டில் நாள் முழுக்க வேலை பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் இந்த அவஸ்தை தெரியும். நமக்குத்தான் கம்ப்யூட்டர் சரியாக வரவில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். என்னைக் கேட்டால், கோளாறு மென்பொருளின் வடிவமைப்பில்தான் இருக்கிறது.

வேர்டில் ஒரு பத்தியின் ஓரம், வரி இடைவெளி, வரிசையெண் எல்லாமே அதன் கடைசியில் இருக்கும் பத்திக்குறியோடு (¶) ஒட்டிக்கொண்டிருக்கும். வழக்கமாக அந்தக் குறி திரையில் தெரியாது. ஏதோ வெற்றிடத்தை அழிக்கிறோம் என்று பேக்ஸ்பேஸைத் தட்டுகிறோம்; உள்ளே இரண்டு பத்திகள் ஒன்றாகி, ஒன்றின் வடிவமைப்பு போயே போய்விடுகிறது. கண்ணுக்குத் தெரியாத பொருளை யார்தான் பார்த்துக் கையாள முடியும்?

எப்போதுமே இப்படி இருந்ததில்லை. 1970களின் கடைசியில் வந்த வேர்டுஸ்டார் என்ற சொற்செயலியில், தடித்த எழுத்துக்கான குறிகள் எழுத்துக்களுக்கு நடுவிலேயே நிற்கும். பக்கத்தை முறிக்க, ஒரு புள்ளியோடு தொடங்கும் கட்டளையைத் தனி வரியில் அடிக்க வேண்டும். பார்க்க அழகில்லைதான், ஆனால் எது எங்கே இருக்கிறது என்று தெரியும்.

இதை அழகாகச் செய்து காட்டியது வேர்டுபெர்ஃபெக்ட் என்ற இன்னொரு சொற்செயலி. ஆலன் ஆஷ்டன், புரூஸ் பாஸ்டியன் இருவரும் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உருவாக்கியது. 1989ல் வந்த 5.1 பதிப்பை இன்றும் பெருமூச்சோடு நினைப்பவர்கள் உண்டு. ஆல்ட்டோடு எஃப்3 விசையை அழுத்தினால் திரையின் கீழ்ப்பகுதியில் அதே வரிகள் குறியீடுகளோடு விரியும். தடித்த எழுத்து தொடங்கும் இடத்தில் ஒன்று, முடியும் இடத்தில் ஒன்று. நாம் என்டர் தட்டிய இடத்துக்கு ஒரு குறியீடு, வரி நிரம்பித் தானாக மடிந்த இடத்துக்கு வேறொன்று. சிக்கல் பண்ணுகிற குறியீட்டின் மேல் கர்சரை வைத்து அழித்தால் போதும், பிரச்சினை தீர்ந்தது.

குறியீடுகளை மறைக்கும் எதிர்த்திசை, ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் (PARC) ஆய்வுக்கூடத்தில் தொடங்கியது. அங்கே 1974ல் பட்லர் லாம்ப்சன், சார்லஸ் சிமோனி குழு ஆல்ட்டோ கணினிக்காக பிராவோ என்ற சொற்செயலியை எழுதியது. ஆல்ட்டோவின் திரையே காகிதம் போல நெட்டுவாக்கில் இருக்கும். அச்சில் வரப்போவதைத் திரையிலேயே பார்க்கலாம் என்பது மகத்தான சாதனை, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. சிமோனி பிறகு மைக்ரோசாஃப்டுக்குப் போனார்; 1983ல் வேர்டு வந்தது, 1989ல் அதன் விண்டோஸ் பதிப்பு. வேர்டுபெர்ஃபெக்ட் விண்டோஸுக்குத் தாமதமாக வந்து பின்தங்கியது. குறியீட்டைக் காட்டியதாலா தோற்றது? இல்லவே இல்லை. ஆனால் அது தோற்றதோடு அந்த வசதியும் பெரும்பாலோர் கையைவிட்டுப் போனது.

சாதாரண ஆளுக்குக் குறியீடுகள் குழப்பம் தரும் என்பார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அன்றைக்கு வேர்டுபெர்ஃபெக்டைக் கரைத்துக் குடித்தவர்களில் வக்கீல் அலுவலகத் தட்டச்சர்களும் செயலாளர்களும் ஏராளம்; அவர்கள் ஒன்றும் புரோகிராமர்கள் இல்லை. 2004ல் வந்த, சாதாரணக் குறிகளாலேயே வடிவமைப்பைச் சொல்லும் மார்க்டவுன் முறையில் நட்சத்திரக் குறி போட்டு எழுதுகிறவர்களும் அதே வெளிப்படைத்தன்மையைத்தான் தேடிப் போகிறார்கள். அதுவும் இன்று நாம் எழுதுவதில் நிறைய காகிதத்துக்குப் போவதே இல்லை; திரை அச்சுப் பக்கம் போலவே இருக்க வேண்டிய கட்டாயம் என்ன?

வேர்டில் இப்போதைக்கு நமக்கு இருக்கும் ஒரே துணை கண்ட்ரோல், ஷிஃப்ட், 8. அழுத்தினால் பத்திக்குறிகளும் இடைவெளிகளும் தெரியும். அதை எப்போதும் போட்டே வையுங்கள். ஷிஃப்ட் எஃப்1 தட்டினால் வடிவமைப்பு விவரங்கள் பக்கவாட்டில் வரும், ஆனால் எந்தக் குறி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அது வரிசையாகக் காட்டாது. கோரல் நிறுவனத்தின் கைக்குப் போன வேர்டுபெர்ஃபெக்டில் அந்தக் கீழ்ப்பகுதி இன்னும் உயிரோடு இருக்கிறது. மற்றவர்களும் அதை அப்படியே எடுத்து வைக்க வேண்டும், வேண்டாதவர்கள் மூடி வைத்துக்கொள்ளட்டும்.