உங்கள் பிள்ளையின் தலையை நான் ஏன் எண்ண வேண்டும்?

ஸ்கூல் லீவு விட்டதிலிருந்து நான் நீந்தவே இல்லை. தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கு எங்கள் குடியிருப்பு நீச்சல் குளத்துக்குப் போகிறேன், தொப்பியை மாட்டுகிறேன், தண்ணீரில் இறங்குகிறேன். இறங்கித் தலை எண்ணுகிறேன். பன்னிரண்டு, பதினான்கு... சிவப்புக் கண்ணாடி போட்ட பாப்பா எங்கே? ஏணிக்குப் பின்னால் இருக்கிறாள், பதினைந்து. இடுப்பு வலிக்கு நீச்சல்தான் மருந்து என்று டாக்டர் சொல்லி வந்தவள் நான். இப்போது இடுப்போடு சேர்ந்து கழுத்தும் வலிக்கிறது. ஒரு முறை தலையை உள்ளே விட்டு நீந்தி எழுவதற்குள் அந்தப் பதினைந்து பதினான்காகிவிடுமோ என்ற பயத்தில் திரும்பித் திரும்பிப் பார்த்தே மாதம் ஓடிவிட்டது.

சென்னையில் சோழிங்கநல்லூர் தாண்டி ஓஎம்ஆர் சாலை ஓரத்தில் எங்கள் குடியிருப்பு. பெரிய குளம் மூன்றரை அடியில் ஆரம்பித்து ஐந்து அடிக்கு இறங்கும். அதை ஒட்டியே சின்னப் பிள்ளைகளுக்கான ஒன்றரை அடிக் குளம். இரண்டுக்கும் நடுவில் நான்கு டைல்ஸ் அகலத்துக்கு ஒரு திட்டு, அவ்வளவுதான். கைப்பிடிகூடக் கிடையாது. வாசலில் போர்டு வைத்திருக்கிறார்கள்: 12 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுடன் பெரியவர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். அந்த போர்டின் மேல்தான் பிள்ளைகள் ஈரத் துண்டைப் போடுகிறார்கள். எடுக்கச் சொல்ல ஒரு பெரியவரும் அங்கே இருப்பதில்லை.

போன சனிக்கிழமை ஆறு மணி. தண்ணீரில் இருபத்துமூன்று பிள்ளைகள். பெரியவர்கள் யார் என்று பார்த்தால், நான், முட்டி ஆபரேஷன் முடிந்து தண்ணீருக்குள் நடக்க வரும் ஒரு தாத்தா, சாய்வு நாற்காலியில் போனைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர். ஒரு பெரிய பையன் ஓடிவந்து குதித்ததில் அந்தத் தாத்தா தடுமாறிக் கம்பியைப் பிடித்தார். அவரைப் பார்க்கத் திரும்பியபோதுதான் அந்தக் குட்டிப் பையன் கண்ணில் பட்டான்.

நான்கு வயது இருக்கும். கையில் மாட்டியிருந்த காற்றுப்பைகளைக் கழற்றிவிட்டிருந்தான். குட்டிக் குளத்திலிருந்து திட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்திருக்கிறான். செங்குத்தாக நின்ற மாதிரி இருந்தான், ஆனால் கால் தரையில் இல்லை. வாய் தண்ணீர் மட்டத்தில், தலை பின்னால் சாய்ந்திருந்தது. இரண்டு கையாலும் தண்ணீரைக் கீழே அமுக்கிக்கொண்டிருந்தான். ஒரு சத்தம் இல்லை. இரண்டடி தள்ளி மூன்று பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள், அவர்களுக்கும் தெரியவில்லை. நான் போய்த் தூக்கினேன். என் தோளிலேயே தண்ணீராக வாந்தி எடுத்தான். கரையில் உட்கார வைத்து முதுகைத் தட்டின பிறகுதான் அழுகை வந்தது. அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

தண்ணீரில் மூழ்குகிறவர்கள் கையை ஆட்டிக் கத்துவார்கள் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மூச்சு விடவே வாய் தண்ணீருக்கு மேல் வராதபோது எப்படிக் கத்துவது? நியூயார்க்கில் ஆர்ச்சர்ட் கடற்கரையில் உயிர்காப்பாளராக இருந்த ஃபிராங்க் பியா என்பவர், மூழ்குகிறவர்களைப் படம் பிடித்துப் பார்த்து இதைத்தான் எழுதினார்: சத்தம் இருக்காது, கையை உயர்த்த முடியாது, 20 முதல் 60 நொடிக்குள் உள்ளே போய்விடுவார்கள். சின்னப் பிள்ளைகள் என்றால் இன்னும் சீக்கிரம். அதாவது, ‘கத்தினால் ஓடிப்போகலாம், பால்கனியிலிருந்து கேட்கும்’ என்று வீட்டில் உட்கார்ந்திருக்கும் அம்மா அப்பாவுக்கு ஒன்றுமே கேட்காது. ஏழாவது மாடியிலிருந்து லிஃப்ட் பிடித்து இறங்கி வரவே 60 நொடி போதாது.

“யார் வீட்டுப் பிள்ளை?” என்று கத்தினேன். “பி பிளாக் ஆன்ட்டி” என்றார்கள். செக்யூரிட்டி இன்டர்காமில் கூப்பிட்டார். அம்மா வந்து சேரப் பன்னிரண்டு நிமிடம் ஆனது. கடிகாரம் எதிரிலேயே இருந்தது, பார்த்துக்கொண்டே நின்றேன். பிள்ளையை வாங்கிக்கொண்டு அவர் சொன்னது இதுதான்: “அண்ணன் கூட இருக்கான்னுதானே அனுப்பினேன்.”

அண்ணனுக்கு ஒன்பது வயது.

அவன் அங்கேதான் நின்றான், ஏணியைப் பிடித்துக்கொண்டு. உதடு நடுங்கியது. அத்தனை பேர் முன்னாலும் அவனுக்குத்தான் திட்டு விழுந்தது. “உன்னைத்தானே பாத்துக்கச் சொன்னேன், என்னடா பண்ணிட்டிருந்த?” ஒன்பது வயதுப் பையன் குளத்துக்கு வந்தால் என்ன பண்ணுவான்? விளையாடுவான். அதற்குத்தானே வந்தான். அவன் கையில் தம்பியின் உயிரைக் கொடுத்து அனுப்பியது யார்? அந்தச் சனிக்கிழமை வேறு மாதிரி முடிந்திருந்தால், அறுபது வயதானாலும் அந்தப் பையன் அந்த ஏணியை விட்டு இறங்கியிருக்க மாட்டான். எனக்கு வந்த கோபத்தில் முக்கால்வாசி இதற்குத்தான்.

ராத்திரி குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் நடந்ததை எழுதினேன், யார் வீடு என்று சொல்லாமல். வந்த பதில்கள் இப்படி. “பசங்கன்னா அப்படித்தான் இருப்பாங்க.” “பிள்ளைங்க இல்லாத நேரமா பாத்து நீங்க வரலாமே மேடம்.” “மாசாமாசம் மெயின்டனன்ஸ் கட்டுறோம், அசோசியேஷன் என்ன பண்ணுது?” லைஃப்கார்டு போட வேண்டும் என்று பொதுக்கூட்டத்தில் கை தூக்கினவர்களில் நானும் ஒருத்தி, இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறேன். ஆனால் லைஃப்கார்டு வந்தாலும் அவர் இருபத்துமூன்று பேரை ஒன்றாகப் பார்ப்பவர். நான்கு வயதுப் பிள்ளைக்குக் கையெட்டும் தூரத்தில் அவனை மட்டுமே பார்க்கிற ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளை அசோசியேஷன் சம்பளம் போட்டு வைக்க முடியாது. அந்த ஆள் நீங்கள்தான்.

அதுவரைக்கும் யார் தலையில் கட்டுகிறீர்கள்? வாசலில் நிற்கும் செக்யூரிட்டி தலையில். “பையா, கொஞ்சம் பாத்துக்கோ” என்று ஒரே சாயங்காலத்தில் நான்கு வீட்டுக்காரர்கள் சொல்லிவிட்டுப் போனதை என் காதால் கேட்டேன். அவர் அஸ்ஸாமிலிருந்து வந்தவர். நீந்தத் தெரியுமா என்று கேட்டேன், தெரியாது என்றார். ஏதாவது நடந்தால் போலீஸ் முதலில் பிடித்து உட்கார வைப்பது அவரைத்தான். அந்தப் பயம் அவர் முகத்தில் தெரிகிறது. வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வழியில்லை, அதனால்தான் அவரிடம் சொல்கிறீர்கள்.

தண்ணீர் கதையையும் சொல்லிவிடுகிறேன். கண் எரிகிறது, குளோரின் ஜாஸ்தி என்று பூல் பராமரிக்கும் தம்பியைப் பிடித்துக் கத்துகிறார்கள். அவர் தினமும் சோதித்துக் குறித்து வைக்கிறார், அளவு சரியாகத்தான் இருக்கிறது. மூக்கில் ஏறும் அந்த நெடி, குளோரின் சிறுநீரோடும் வியர்வையோடும் சேர்ந்து உண்டாகிற குளோரமைனின் நெடி. இறங்கும் முன் குளிக்கவைக்க ஆள் இல்லை, நடுவில் பாத்ரூமுக்குக் கூட்டிப்போக ஆள் இல்லை, பிள்ளை பின்னே எங்கே போகும்? போன மாதம் டயப்பரோடு ஒரு பாப்பாவை அக்காவுடன் அனுப்பி, அது குளத்தில் கழிந்து, இரண்டு நாள் குளத்தை மூடினார்கள். அந்த வீட்டுக்காரர் “ஸ்விம் டயப்பர்தானே” என்றார். ஸ்விம் டயப்பர் கிருமியைத் தடுக்காது. வயிற்றுப்போக்கு உள்ள பிள்ளை இறங்கினால் வரக்கூடிய கிரிப்டோஸ்போரிடியம் என்கிற கிருமி, குளோரின் போட்ட தண்ணீரிலேயே ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடு இருக்கும். அதே தண்ணீரைத்தான் எல்லாப் பிள்ளைகளும் வாய் நிறையக் குடிக்கிறார்கள்.

இதைக் கேட்டால் “நீங்க யாரு கேக்குறதுக்கு?” என்கிறார்கள். நான் அதே தண்ணீரில் நிற்கிறவள். உங்கள் மகள் நீள முடியை விரித்துப் போட்டுக்கொண்டு அடியில் தண்ணீர் உறிஞ்சும் ஓட்டைக்குப் பக்கத்தில் முங்கி விளையாடும்போது கையைப் பிடித்து இழுத்தவள். முடி அதற்குள் மாட்டினால் பெரிய ஆளாலும் இழுத்து எடுக்க முடியாது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-இல் மட்டும் உலகத்தில் ஏறக்குறைய 3 லட்சம் பேர் தண்ணீரில் மூழ்கி இறந்தார்கள். கிட்டத்தட்ட கால்வாசிப் பேர் 5 வயது நிரம்பாத பிள்ளைகள். அந்த வயதில்தான் அந்தக் குட்டிப் பையனும் இருந்தான். என் தோளில் அவன் எடுத்த வாந்தியின் சூடு இன்னும் போகவில்லை.

இரண்டு நாள் கழித்துத் திங்கட்கிழமை அண்ணனும் தம்பியும் மறுபடி வந்தார்கள். இந்தத் தடவையும் கூட யாரும் இல்லை. தம்பி கையில் காற்றுப்பை இருந்தது. அண்ணன் தண்ணீரில் இறங்கவே இல்லை. குட்டிக் குளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வயதுப் பிள்ளைகள் கூப்பிட்டுப் பார்த்தார்கள், போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என்னிடம் வந்தான்.

“ஆன்ட்டி, நீங்க எத்தனை மணி வரைக்கும் இருப்பீங்க?”

“நீங்க போற வரைக்கும் இருப்பேன், போய் விளையாடு” என்றேன். அதன் பிறகுதான் அவன் தண்ணீரில் குதித்தான். நான் தொப்பியைக் கழற்றிவிட்டு அவன் உட்கார்ந்திருந்த இடத்தில் போய் உட்கார்ந்தேன்.