ஒலிபெருக்கியில் அடங்காதது

பெர்லின் பில்ஹார்மோனிக் போன்ற பெரிய மேற்கத்திய இசைக்குழுவின் பதிவே கைபேசியில் கிடைக்கும்போது பிராந்திய இசைக்குழுக்களுக்கு மானியம் எதற்கு என்கிறார் ஒரு கட்டுரையாளர். அதே பெர்லின் குழுவுக்கு 2002-இல் தலைமையேற்ற இசை நடத்துநர் சைமன் ராட்டில், அதற்கு முன் 1980 முதல் 18 ஆண்டுகள் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகர இசைக்குழு என்ற பிராந்தியக் குழுவோடுதான் வளர்ந்தார். பதிவுகளை நானும் விரும்பிக் கேட்பவன்தான். பியானோ கலைஞர் க்ளென் கூல்ட் 1964-இல் மேடையை விட்டு ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் போனதில் நியாயம் உண்டு. தனிப் பியானோவுக்குச் சரி. ஆனால் இசையமைப்பாளர் மாலரின் இரண்டாம் சிம்பொனியில் மேடைக்கு வெளியே எங்கிருந்தோ ஒலிக்கும் ஹார்ன் என்ற கொம்பு வாத்தியங்களை இரண்டு ஸ்பீக்கர் எப்படிக் காட்டும்? நேரில் ஹார்ன் சில சமயம் பிசிறும் (பிசிறாத கச்சேரி ஏது!). பதிவில் அதை வெட்டி ஒட்டிவிடுவார்கள், அவ்வளவுதான். டபுள் பாஸ் என்ற பெரிய தந்தி வாத்தியங்களில் எல்லாரும் சேர்ந்து வில்லை இழுக்கையில் உட்கார்ந்திருக்கும் நாற்காலி அதிருமே, அது எந்த ஹெட்போனில் வரும்?