'சோவியத் காலத்தில் எஸ்டோனியாவில் நகர நாவலே கிடையாது' என்பது சரியா?

எஸ்டோனியா சோவியத் பிடியில் இருந்தவரை அங்கே கட்சிப் பிரச்சாரம்தான் அச்சானது, தலைநகர் தாலினைப் பற்றிய நல்ல நாவல்கள் எல்லாம் 1991க்குப் பிறகுதான் வந்தன என்று ஒரு பதிவு சுற்றுகிறது. தவறு.

எழுத்தாளர் யான் குரோஸ் தாலின்காரர். 1944இல் ஜெர்மானியர்கள் அவரைச் சிறையில் போட்டார்கள், 1946இல் சோவியத்துகள் கைது செய்தார்கள், முகாம், நாடுகடத்தல் எல்லாம் முடிந்து 1954இல்தான் ஊர் திரும்பினார். அப்படிப்பட்டவர் 1970 முதல் 1980 வரை, அதே ஆட்சியின் கீழ், 16ஆம் நூற்றாண்டுத் தாலினை வைத்து நான்கு பாக நாவலையே வெளியிட்டார். தொடக்கத்திலேயே ஒலேவிஸ்தே தேவாலயக் கோபுரத்திலிருந்து கயிறு கட்டி வித்தைக்காரர்கள் நடக்கிறார்கள், கீழே ஒரு சிறுவன் அண்ணாந்து பார்க்கிறான். பின்னாளில் அந்தச் சிறுவனும் அதிகாரங்களுக்கு நடுவே அப்படித்தான் நடக்க வேண்டியிருக்கிறது. யாரைச் சொல்கிறார் என்று வாசகருக்குப் புரியாமலா இருந்திருக்கும்?

அப்புறம் மாத்தி உந்த். அவருடைய 'சூகிஸ்பால்' நாவல் 1979இல் வந்தது. வரலாற்றுப் போர்வைகூட இல்லை. தாலினில் சோவியத் காலத்தில் எழுந்த முஸ்தமே அடுக்குமாடிப் பகுதி, அங்கே ஒருவருக்கொருவர் ஒட்டாமல் வாழும் ஆறு பேர், அவர்களில் ஒருவர் முடிதிருத்துபவர், இன்னொருவர் கட்டடக் கலைஞர்.

தணிக்கை இருந்தது உண்மை. தாலின் நாவல்கள் எழுதிய கார்ல் ரிஸ்திகிவி போருக்கு நடுவே தப்பி ஸ்வீடன் போனார், திரும்பவில்லை. ஆனால் அதிலிருந்து 'ஒன்றுமே எழுதப்படவில்லை' என்று தாவுவது அநியாயம்.