மூன்றேமுக்கால் வயதில் என்ன தவறு இருக்க முடியும்?

வெள்ளிக்கிழமை நான் பகிர்ந்த நோட்டுப் பக்கத்தைப் பார்த்தவர்களுக்கு நடந்ததை மீண்டும் விளக்க வேண்டியதில்லை. பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு பக்கத்தில் ‘5’ என்ற எண் பதினொரு முறை எழுதப்பட்டிருந்தது. அவற்றில் எட்டு, கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பியிருந்தன. எட்டையும் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம், அடியில் ‘ஸ்லோ, வீட்டில் பயிற்சி தேவை’ என்று ஒரு வரி. அதைப் பள்ளியில் படமெடுத்து, வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில், இருபத்தாறு குடும்பங்கள் பார்க்கும்படி, என் மகளின் பெயரோடு போட்டிருந்தார்கள். அவள் நர்சரியில் படிக்கிறாள். வயது மூன்றேமுக்கால்.

அந்தப் பதிவுக்குக் கீழே ஆறுதல் சொன்னவர்களுக்கு நன்றி. ‘ஒரு சிவப்பு வட்டத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா’ என்று கேட்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆம், இவ்வளவு ஆர்ப்பாட்டம்தான். மூன்றேமுக்கால் வயதில் தவறு என்று ஒன்று கிடையாது. இல்லாத ஒன்றை வட்டம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள் என்பதுதான் என் புகார். மைதானே, அழித்துவிடலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். தாளில் விழுந்ததை அழித்துவிடலாம், எனக்கும் தெரியும்.

என் அம்மா திருப்பத்தூரிலிருந்து வந்து எங்களோடுதான் இருக்கிறார். பெங்களூர் ராமமூர்த்தி நகரில் நாங்கள் குடியிருக்கும் வீட்டு வாசல் நான்கடி அகலம்கூட இருக்காது. ஆனாலும் தினமும் காலையில் தண்ணீர் தெளித்து, ஐந்து புள்ளி வைத்து அம்மா ஒரு கோலம் போட்டுவிடுவார். போன ஜூன் மாதம் வரை என் மகளும் பக்கத்தில் குந்திக்கொண்டு, பிடி பிடியாகக் கோலமாவை அள்ளிக் கொட்டி, ‘பாட்டி, இது யானை, இது யானையோட தம்பி’ என்று சொல்லிக்கொண்டிருப்பாள். யானைக்குத் தும்பிக்கை இருந்ததில்லை. அம்மா அதைக் கேட்டதுமில்லை. கடந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா மாவுக் கிண்ணத்தை நீட்டியபோது அவள் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள். ‘நான் தப்பா போட்டுடுவேன் பாட்டி, நீயே போடு’ என்றாள். அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் அவளிடம் யாரும் சொன்னதில்லை. அது அவள் பள்ளியிலிருந்து கற்றுக்கொண்டு வந்தது. வருடத்துக்குத் தொண்ணூற்றைந்தாயிரம் ரூபாய் கட்டி நான் வாங்கிக் கொடுத்த முதல் பாடம் அதுதான்.

இந்த வயதுக் குழந்தைகள் எழுத்தையும் எண்ணையும் திருப்பிப் போடுவது இயல்பு. ஒரு டம்ளரை எந்தப் பக்கம் திருப்பினாலும் அது டம்ளர்தான் என்று மூன்று வருடமாக உலகம் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. ஐந்து மட்டும் ஒரு பக்கம் பார்த்துத்தான் நிற்க வேண்டும் என்பது அவர்களுக்குப் புதுச் செய்தி. ஆறு, ஏழு வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகளுக்கு அது தானாகவே சரியாகிவிடும். கையும் அப்படித்தான். நம் மணிக்கட்டில் எட்டுச் சிறிய எலும்புகள் இருக்கின்றன. பிறக்கும்போது அவை குருத்தெலும்பாக இருந்து, வருடக்கணக்கில் ஒவ்வொன்றாக இறுகுகின்றன. கடைசி எலும்பு இறுகத் தொடங்கவே ஏறக்குறைய ஒன்பது வயதுக்கு மேல் ஆகிவிடும். மாவு பிசைவது, மணியைக் கோப்பது, துணிக்கிளிப்பை அழுத்தித் திறப்பது, மண்ணைத் தோண்டுவது என்று பழகிப் பழகித்தான் விரல்கள் பென்சிலுக்குத் தயாராகும். அந்த வேலை முடியாத கையில் நான்கு கோடு நோட்டைக் கொடுத்து நாற்பது முறை எழுதச் சொல்லிவிட்டு, ‘ஸ்லோ’ என்று எழுதினால், மெதுவாக இருப்பது யார்?

இது என் சொந்தக் கருத்து என்று ஒதுக்கிவிட வேண்டாம். இந்த நாடு இதைப் பல முறை எழுதி வைத்திருக்கிறது. மாநிலங்களவையில் நியமன உறுப்பினராக இருந்த எழுத்தாளர் ஆர்.கே. நாராயண், 1989-இல் அவையில் பேசக் கிடைத்த நேரத்தைப் புத்தகப் பையின் சுமையால் குழந்தைகள் கூனிக்கொண்டு நடப்பதைப் பற்றிச் சொல்லச் செலவிட்டார். அதன் தொடர்ச்சியாக அமைந்த பேராசிரியர் யஷ்பால் குழு, 1993-இல் கொடுத்த அறிக்கையில், நர்சரி சேர்க்கைக்குத் தேர்வும் நேர்காணலும் நடத்துவதை ஒழிக்க வேண்டும் என்றது. பாலர் பள்ளிகளில் எழுத்தையும் எண்ணையும் அளவுக்கு மீறித் திணிப்பதை வன்முறை என்றே குறிப்பிட்டது. 2020-இல் வந்த பள்ளிப் பைக் கொள்கை, பாலர் வகுப்புக்குப் பையே கூடாது என்கிறது. 2022 அக்டோபரில் வெளியான அடிப்படை நிலைக்கான தேசியக் கலைத்திட்டம், மூன்று முதல் ஆறு வயது வரை பாடப்புத்தகச் சுமை வேண்டாம், விளையாட்டே கற்றலாக இருக்கட்டும் என்கிறது. என் மகளின் பையில் இன்றைக்கு ஐந்து நோட்டுகளும் நான்கு பயிற்சிப் புத்தகங்களும் இருக்கின்றன. பையைத் தூக்கும்போது அவள் ஒரு பக்கமாகச் சாய்கிறாள்.

‘போட்டி நிறைந்த உலகம், இப்போதே பழகட்டும்’ என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். அதில் ஒருவர் என் உறவினர் என்பதால் மரியாதையோடு கேட்கிறேன். பின்லாந்தில் பள்ளிப் படிப்பு ஏழு வயதில்தான் தொடங்குகிறது; அங்கே படித்தவர்கள் எதில் பின்தங்கிப் போனார்கள்? அவ்வளவு தூரம் போக வேண்டாம். என் அப்பாவைப் பள்ளியில் சேர்த்தபோது, வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொடச் சொன்னார்கள். முதல் வருடம் எட்டவில்லை. ‘அடுத்த வருஷம் கூட்டிட்டு வாங்க’ என்று வாத்தியார் திருப்பி அனுப்பிவிட்டார். அப்பா இன்னொரு வருடம் ஏரிக்கரையில் விளையாடிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். பிறகு முப்பத்திரண்டு வருடம் ரயில்வேயில் கணக்குப் பார்த்தார். அந்தக் காது தொடும் சோதனையை நாம் இன்று சிரித்துக்கொண்டே நினைவுகூர்கிறோம். ஆனால் கை வளர்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அந்தக் கையில் பலகையைக் கொடுத்தார்கள்.

‘விஜயதசமியன்று நாமே மூன்று வயதில் எழுத வைக்கிறோமே’ என்பதும் ஒரு கேள்வி. நல்ல கேள்வி, எங்கள் வீட்டிலும் செய்தோம். அல்சூரில் ஒரு கோவிலில், தாம்பாளத்தில் பரப்பிய பச்சரிசியில், என் அப்பா அவளை மடியில் வைத்து, அவள் விரலைத் தன் விரலுக்குள் பிடித்துக்கொண்டு ‘அ’ எழுதினார். எழுதி முடித்ததும் அவள் ஒரு பிடி அரிசியை வாயில் போட்டுக்கொண்டாள். சுற்றியிருந்த எல்லோரும் சிரித்தார்கள். அந்த அரிசியில் சிவப்பு வட்டம் எங்கே இருந்தது? பழைய திண்ணைப் பள்ளிகளில் பிரம்பும் இருந்தது, தோப்புக்கரணமும் இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. பழையது எல்லாம் நல்லது என்று நான் சொல்லவில்லை. மூன்றேமுக்கால் வயதில் தவறு என்று ஒன்று கிடையாது என்று மட்டும் சொல்கிறேன்.

ஆசிரியர் மீது பழி போடுகிறேன் என்பவர்கள் நான் அவரிடம் பேசியதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயது இருக்கும் பெண். இருபத்தாறு குழந்தைகளுக்கு அவரும் ஓர் ஆயாவும்தான். சனிக்கிழமை வாசலில் வைத்துக் கேட்டபோது கண் கலங்கிவிட்டார். ‘மேடம், நோட்ல பக்கம் நிறையலன்னா பேரன்ட்ஸ் கேக்கறாங்க. பக்கத்து ஸ்கூல்ல நூறு வரைக்கும் எழுதறாங்க, இங்க ஏன் இருபதுல நிக்கறீங்கன்னு கேக்கறாங்க’ என்றார். அவருக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பெற்றோர் நாம்தான். கர்நாடக அரசு 2022-இல், முதல் வகுப்பில் சேர ஜூன் 1 அன்று ஆறு வயது நிறைந்திருக்க வேண்டும் என்று ஆணையிட்டது. நடைமுறைக்கு வரும் நேரத்தில், குழந்தைகளுக்கு ஒரு வருடம் வீணாகிறது என்று மனு கொடுத்தவர்கள் யார்? பெற்றோர்தான். 2025 ஏப்ரலில், அந்த ஒரு கல்வியாண்டுக்கு மட்டும் ஐந்து வயது ஐந்து மாதம் போதும் என்று அரசு தளர்த்தியபோது எங்கள் குடியிருப்பில் இனிப்புக் கொடுத்தவர்கள் உண்டு. முன்பே எல்.கே.ஜி.யில் சேர்த்துவிட்டவர்கள் யு.கே.ஜி.யை இரண்டாவது முறை படிக்க வைக்க வேண்டுமே என்று தவித்ததில் நியாயம் இருந்தது என்பது உண்மை. ஆனால் ஒரு குழந்தை ஒரு வருடம் கூடுதலாக விளையாடுவதற்கு ‘வீண்’ என்று பெயர் வைத்தது நாம்தானே. அந்தச் சொல்லை நானும் அப்போது சொன்னேன். அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது.

‘இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள் குழந்தையை எங்கே விடுவது?’ என்று கேட்டிருக்கும் தோழிக்கு: நானும் காலை எட்டரைக்கு வெளிவட்டச் சாலை நெரிசலில் நிற்பவள்தான். அம்மா இருப்பதால் எங்களுக்குச் சமாளிக்க முடிகிறது, எல்லோருக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. குழந்தைக்குப் பகலில் பாதுகாப்பான ஓர் இடம் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அந்த இடத்தில் மணலும் தண்ணீரும் கதையும் தூக்கமும் இருக்கட்டும் என்றுதான் கேட்கிறேன். குழந்தையை விட்டுவிட்டுப் போக இடம் வேண்டும் என்பதற்காக, அவளை அங்கே எடை போடுவதையும் ஏற்றுக்கொள்ள வேண்டுமா?

‘பிடிக்கவில்லை என்றால் பள்ளியை மாற்று’ என்பது எல்லாவற்றிலும் எளிய அறிவுரை. எங்கே மாற்றுவது? பெரிய பள்ளிகள் நர்சரியிலேயே இடங்களை நிரப்பிவிடுகின்றன. முதல் வகுப்பில் போய்க் கேட்டால் இடமில்லை என்கிறார்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, சேர்க்கைக்குத் தேர்வோ நேர்காணலோ வைத்து வடிகட்டக் கூடாது என்கிறது, மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரை அபராதம் என்கிறது. ஆனால் அந்தச் சட்டம் கணக்கில் கொள்வது ஆறு முதல் பதினான்கு வயது வரை உள்ள குழந்தைகளை. மூன்று முதல் ஆறு வரைக்கு, அரசு ஏற்பாடு செய்யலாம் என்ற அளவில் 11-ஆம் பிரிவு நின்றுவிடுகிறது. அந்த இடைவெளியில்தான் ‘இன்டராக்‌ஷன்’ என்ற பெயரில் என் மகளைத் தனி அறைக்கு அழைத்துப் போய் நிறம் கேட்டார்கள், எங்களை இன்னோர் அறையில் உட்கார வைத்துச் சம்பளம் கேட்டார்கள். நாங்கள் இருவரும் தேர்வு எழுதப் போனவர்கள்போல உடை உடுத்திக்கொண்டு போயிருந்தோம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதை வெள்ளிக்கிழமை எழுதவில்லை. அந்தக் குறிப்போடு சேர்த்து, ‘வீட்டில் ஆங்கிலத்தில் பேசுங்கள், அப்போதுதான் குழந்தை முன்னேறும்’ என்றும் எனக்குத் தனியாகச் செய்தி வந்தது. நான் அதைச் சாப்பாட்டு மேசையில் சத்தமாகப் படித்துவிட்டேன். மறுநாள் காலை நான் குளித்துவிட்டு வெளியே வரும்போது, அம்மா அவளுக்கு இட்லி ஊட்டிக்கொண்டு, ‘கம்... ஈட்... குட் கேர்ள்’ என்று ஒவ்வொரு சொல்லாகத் தேடிச் சொல்லிக்கொண்டிருந்தார். நிலா காட்டி, காக்காய்க்கு ஒரு வாய் என்று ஊட்டிய அதே கை. எட்டாவது வரை படித்த என் அம்மா, பேத்திக்குத் தன்னால் குறை வந்துவிடக் கூடாது என்று பயந்துவிட்டார். என் மகள் அவரை விநோதமாகப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். ஒரு சிவப்பு மை இரண்டு பேரை வாயடைக்க வைத்திருக்கிறது.

மொழி கற்றுக்கொள்ள அவளுக்கு யாருடைய பயிற்சியும் தேவைப்படவில்லை. கீழ்வீட்டில் ஒரு கன்னடக் குடும்பம். அவர்கள் வீட்டுச் சிறுமிக்கு ஐந்து வயது. எதிர் மனையில் வீடு கட்டக் கொட்டிய மணலில் மூன்று மாதம் இருவரும் சேர்ந்து விளையாடினார்கள். ஒரு நாள் மாடியிலிருந்து கேட்கிறேன், ‘இல்லி பா, நீரு பேக்கா?’ (இங்கே வா, தண்ணீர் வேண்டுமா?) என்று என் மகள் அந்தச் சிறுமியிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாள். பெங்களூரில் பதினான்கு வருடம் இருந்தும் எனக்கு வராத உச்சரிப்பு. அதை யாரும் நாற்பது முறை எழுத வைக்கவில்லை. தப்பாகச் சொன்னபோது அந்தச் சிறுமி சரியாகச் சொன்னாள், இவள் திருப்பிச் சொன்னாள், விளையாட்டு தொடர்ந்தது.

வியாழக்கிழமை மாலை மூன்றரை மணிக்குப் பள்ளி முதல்வரைச் சந்திக்க நேரம் கேட்டிருக்கிறேன். நோட்டைக் கையில் எடுத்துப் போகிறேன். குழுவில் இருக்கும் அந்தப் படத்தை நீக்க வேண்டும், இனி எந்தக் குழந்தையின் பக்கத்தையும் பெயரோடு அங்கே போடக் கூடாது, நர்சரி நோட்டுகளில் சிவப்பு மை வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன். அந்த ஆசிரியர் மீது எந்த நடவடிக்கையும் எடுக்கக் கூடாது என்பதையும் அதே தாளில் எழுதியிருக்கிறேன். அதே வகுப்பில் குழந்தை படிக்கும் பெற்றோர் யாராவது உடன் வருவதாக இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். என்னோடு உடன்படாதவர்களும் வரலாம். உங்கள் குழந்தையின் நோட்டையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.